பம்பைக்காரர் கூப்பிட்ட பெயர்

மைக் செட் கேட்டு என் கடைக்கு யார் வந்தாலும் நான் முதலில் தேதியைக் கேட்பதில்லை. "யாருங்க வர்றாங்க?" என்றுதான் கேட்பேன். கல்யாணமா, சாவா, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களா, சர்ச்சில் அசன விருந்தா என்பதெல்லாம் அப்புறம். மைக்கைப் பிடிக்கப் போகிறவர் யார் என்று தெரிந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

குருக்கள் வருகிறார் என்றால் தரையோடு தாழ்ந்த ஸ்டாண்ட் போதும். உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். ஓமப் புகை மட்டும் மைக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாஸ்டர் என்றால் வயர் இல்லாத மைக். அவர் ஓர் இடத்தில் நிற்க மாட்டார், கூட்டத்துக்குள் இறங்கிவிடுவார். மாதா கோயிலில் பெரியவர்கள் சாமியார் என்பார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள் ஃபாதர் என்பார்கள். இரண்டுக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார். கோட்டக்குப்பத்தில் ஹஜ்ரத் பயான் பேச வந்தால் நான் பாக்ஸின் சத்தத்தைக் குறைத்தே வைப்பேன், மனிதர் குரலை உயர்த்தாமலே கூட்டத்தை அழவைப்பார். பாங்கு சொல்கிற மோதினாருக்கு என் ஆம்ப்ளிஃபயரே தேவையில்லை.

இந்தப் பெயர்களை எல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. தப்பாகக் கூப்பிட்டு, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டதுதான். பிரம்மதேசம் பக்கம் ஒரு குருக்களிடம், "பூசாரி ஐயா, மைக் சரியா இருக்குதுங்களா?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "மைக் நல்லாத்தான் இருக்கு. நீ கூப்பிட்டதுதான் கரகரங்குது" என்றார். சரி, மரியாதையாகக் கூப்பிடுவோம் என்று எங்கள் தெரு அம்மன் கோயில் பூசாரியைக் குருக்களே என்றால் அவர் சிரிக்கிறார். "யோவ், மத்தியானம் மல்லாட்டைக் கொல்லையில கடலை புடுங்கப் போறவன்யா நானு. குருக்கள்னு பேரு வந்துட்டா எவன்யா என்னை வேலைக்குக் கூப்புடுவான்?" பழைய மிஷன் கோயில்காரர்கள் தங்கள் போதகரை ஐயர் என்பார்கள், அவர் வீட்டம்மா ஐயரம்மா. அது தெரியாமல் ஒரு தடவை மேடையில் மணை போட்டு வைத்தேன். வந்தவர் மணையைப் பார்த்தார், நான் அவர் ஷூவைப் பார்த்தேன்.

இவ்வளவு பேரில், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கு இன்றுவரை முடிவாகாத ஆள் ஒருவர் உண்டு. பம்பைக்காரர். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை அழைப்பார்கள். புருஷன் இருக்கும்போதே செத்துப்போன வீட்டுப் பெண், பூவோடும் பொட்டோடும் போனவள், அந்த வீட்டுக்குச் சாமி. அவளை ஒரு தண்ணீர்க் கரையில் இருந்து பெயர் சொல்லி அழைத்து, குடத்தில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து சேலை வைத்துப் படைத்துவிட்டுத்தான் நலங்கு வைப்பார்கள். பம்பையும் உடுக்கையும் அடித்து அவளைக் கூப்பிடுகிறவர்தான் பம்பைக்காரர். சிலர் பூசாரி என்பார்கள், சிலர் பேரே சொல்லாமல் "அவரு" என்பார்கள். நான் கேட்டுப் பார்த்தேன்.

"எப்புடினா கூப்புடுப்பா. உசுரோட இருக்கறவன் கூப்புட்டா எனக்கு பயமில்ல" என்றார்.

நான் சொல்ல வந்தது அவர் கூப்பிட்டும் வராமல்போன ஒரு சாயங்காலத்தைப் பற்றி.

பிரம்மதேசத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கல்யாணம். சொந்த நிலம், கிணறு, மாட்டுக்கொட்டகை, மாடி எடுத்த வீடு. பெண்ணுக்கு அம்மா இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் படுத்து, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நினைவு தப்பி, அப்படியே போய்விட்டார். அன்றைக்குப் பெண் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டில் இருந்தாள். போனை உள்ளே விட மாட்டார்கள். அவள் வந்து சேரும்போது அம்மாவுக்குக் கண்ணை மூடிவிட்டிருந்தார்கள்.

நான் பந்தலுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அப்பாவும் மகளும் பேசியது காதில் விழுந்தது.

"எல்லாரும் வந்து, அம்மாவ கடைசியா பார்க்க முடியலியேனு என்னையக் கேக்கறாங்கப்பா. நான்தான் பார்த்தனே. அதுதான் என்னைப் பார்க்கல. கல்யாணத்துக்கு முன்னாடி ஒருவாட்டி அது வந்து என்னைப் பார்க்கணும். அது பார்க்காம நான் மணையில குந்த மாட்டேன்."

"வரும்மா. வராம எங்க போயிடும்? நாளான்னிக்கு முகூர்த்தத்த வெச்சிக்கினு பேசற பேச்சா இது?"

"நான் சும்மா சொல்லலப்பா."

சும்மா சொல்கிறவளின் முகமாக அது இல்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காக என்னிடம் வந்து, "கிணத்தாண்ட ஒரு மைக் குடுத்துடுப்பா" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கிணற்றடிக்குப் போனோம். கரையில் குடம், வேப்பிலை, எலுமிச்சம்பழம், மஞ்சளும் சிவப்புமாக ஒரு புதுச் சேலை. பம்பைக்காரர் இறந்துபோன அம்மாவின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். எந்த வீட்டில் பிறந்தாள், எந்த வீட்டுக்கு வாழ வந்தாள், எப்படிக் கேப்பைக் கூழ் கரைத்தாள் என்று பாட்டாகவே இழுத்து, ஒவ்வொரு அடிக்கும் முடிவில் பெயரைச் சொல்லி வா என்பார். வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் ரத்த சொந்தத்தில் யாருக்காவது உடம்பு ஆடும். இங்கே எல்லாரும் பெண்ணின் சின்னம்மாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறந்தவரின் கூடப்பிறந்த தங்கை, ஒரு வாரமாக இந்த வீட்டிலேயே தங்கிக் கல்யாண வேலை பார்க்கிறவர்.

அவருக்குத்தான் வந்தது. ஆனால் ஆடவில்லை. நின்ற இடத்தில் தோள் இறங்கி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான். பம்பை நின்றது. என் பாக்ஸில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரும்மா வந்திருக்கறது?" பம்பைக்காரர் கேட்டார். அது முறை. வந்தது யார் என்று கேட்டு அடையாளம் வாங்காமல் குடத்தில் ஏற்ற மாட்டார்கள்.

"கூப்புட்டீங்களே" என்றது. குரல் சின்னம்மாவுடையதுதான். பேச்சு அவருடையது இல்லை. தூங்கி எழுந்த குழந்தை மாதிரி மெதுவாக வந்தது.

"நாங்க யாரைக் கூப்புட்டோம்?"

"யாரோ ஒருத்திய."

கூட்டத்தில் ஒரு அம்மாள், "ஐயோ, கோவத்துல பேசறா, கல்பூரத்த ஏத்துங்க" என்றார். பம்பைக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"சரி தாயே. உம் பொண்ணுக்குக் கல்யாணம். உம் பொண்ணு எது, காட்டு பார்க்கலாம்."

அது தலையைத் தூக்கிப் பார்த்தது. முதலில் நின்றிருந்த கிழவரின் முகத்தில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு முகமாக. அவசரமே இல்லை. கடையில் பொருள் எடுக்கிறவர்கள் விரலால் தொட்டுத் தொட்டு நகர்வார்களே, அந்த மாதிரி. என் முகத்திலும் நின்றது. நான் ஆம்ப்ளிஃபயர் குமிழைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தாண்டியது. பக்கத்தில் பெண் நின்றிருந்தாள். அவள் ஓர் அடி முன்னால் வந்து, முகத்தை நன்றாகத் தெரிகிற மாதிரி காட்டினாள். மூன்று வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தானே. அந்தக் கண்கள் அவள்மேல் வந்தன, நின்றன, அடுத்த முகத்துக்குப் போயின.

"இல்ல" என்றது. "இங்க இல்ல."

பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பம்பைக்காரர் வேப்பிலையை எடுத்துக் கடுமையாக மூன்று வார்த்தை சொல்லித் தண்ணீர் தெளித்தார். சின்னம்மா மடங்கி விழுந்தார். கண் திறந்தபோது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "குளுருது, குளுருது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது உங்கம்மா இல்ல, கண்ணு" என்றார் பம்பைக்காரர். "அழாத. இது வேற."

"வேறனா? எங்கம்மா எங்க?"

 பம்பைக்காரர் கரையில் உட்கார்ந்து பம்பையின் வாரைத் தளர்த்தினார். பெண்களெல்லாம் சின்னம்மாவைத் தாங்கிக்கொண்டு போக, மற்றவர்களும் பின்னாலேயே வீட்டுக்குப் போனார்கள். பம்பைக்காரரும் பெண்ணின் அப்பாவும் நானும்தான் மிச்சம். அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"குரல் போய்ச் சேரல. இத்தினி வருஷத்துல இப்புடி ஆனதில்ல. அந்தம்மா சாவறதுக்கு முன்ன ஏதாச்சும் நடந்துதா? உங்களுக்குத் தெரியாம?"

அப்பா உதட்டைப் பிதுக்கினார்.  எனக்குத் தெரியும்.

அந்தம்மா சாவதற்கு முந்தின வருஷம், ஒரு கொட்டகைச் சபைக்காரர்கள் ஏரிக்கரையில் முழுக்கு ஞானஸ்நானம் வைத்தார்கள். மைக் என்னுடையது. பாஸ்டர் இடுப்புத் தண்ணீரில் நின்றார். வெள்ளைச் சேலையில் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். ஒவ்வொருவரையும் புதுப் பெயர் சொல்லித் தண்ணீருக்குள் சாய்த்து எடுத்தார். அந்த வரிசையில், முன்பே இந்த வீட்டு விசேஷத்துக்கு மைக் போட்டபோது நான் பார்த்திருந்த இந்த அம்மாவும் இருந்தார். தலை ஈரத்தோடு கரையேறும்போது என்னைப் பார்த்துவிட்டு, "ண்ணா, நீங்க என்னைப் பார்க்கல" என்றார். நானும் "யாரைம்மா?" என்றேன். அதோடு சரி. என் தொழிலில் பலதும் கண்ணில் படும். ஒரு வாசலில் பார்த்ததை இன்னொரு வாசலில் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன்.

ஆனால் அந்தப் பெண் முகத்தைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றது கண்ணைவிட்டுப் போகவில்லை. சொல்லிவிட்டேன்.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமையானா கீரை பறிச்சிக்கினு வர்றேன்னு போவா. ஒருநாளும் கீரை வந்ததில்ல. நானும் கேட்டதில்ல."

பம்பைக்காரர் கேட்டது ஒன்றுதான். "பேரு மாத்தினாங்களா?"

"மாத்தினாங்க."

அவர் கையில் இருந்த வேப்பிலையைக் கீழே வைத்தார். "அப்ப நான் கூப்புட்ட பேருக்கு இப்ப சொந்தக்காரி இல்ல. விட்டுட்டுப் போன பேரு. பூட்டாத வூடு மாதிரி. நான் போயி அத உரக்கச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டனா, வழியில போன ஏதோ ஒண்ணு அது தன்னைத்தான்னு நெனச்சிக்கிச்சு."

அவர் சொன்னபோது இருட்டக்கூட இல்லை. மேற்கே வெளிச்சம் இருந்தது, பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் மூன்று பேரும் எழுந்து, கிணற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டிலேயே நகர்ந்து வந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் நின்று அந்தப் பாஸ்டருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அமைதியாகக் கேட்டார். பெண்ணின் அப்பாவும் பம்பைக்காரரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"பிரதர், சிஸ்டர் சாவுக்கு நான் வந்தேன். தெருமுனையிலயே நின்னு ஜெபம் பண்ணிட்டுத் திரும்பிட்டேன், குடும்பத்துல கலகம் வேணாம்னு. இப்ப அந்தப் பேரை எங்கிட்ட கேக்காதீங்க. மரிச்சவங்கள நாங்க கூப்பிடறதில்ல. அவங்க தூங்கிக்கினு இருக்காங்க. தூங்கறவங்கள எழுப்பாதீங்க பிரதர்."

"மைக்கு போட்டவன் நீதானே, உனக்கு ஞாபகம் இல்லியாப்பா அந்தப் பேரு?" என்று அப்பா என்னைக் கேட்டார். எத்தனையோ பெயர்கள் அன்றைக்கு என் பாக்ஸ் வழியாகப் போயின, ஏரிக் காற்றில் பாதி கரைந்தும் போயின. எனக்கு நினைவில்லை.

பம்பைக்காரர் போனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாஸ்டரு சொல்றது நாயம்தான். பேரு இல்லாம என்னாலயும் ஆவாது. நான் பேரை வெச்சித்தான் கூப்புடறவன்."

எங்களுக்குப் பின்னால் பெண் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "எந்த ஏரி?" என்றாள்.

"அது எதுக்கும்மா? பேரு தெரியாதாம்."

"எனக்கு எதுக்குப்பா பேரு? எங்கம்மாவ நான் என்னிக்குப் பேரு சொல்லிக் கூப்புட்டேன்?"

மறுநாள் விடிந்ததும் ஏரிக்குப் போனோம். தை மாசத்து ஏரி, கரை தளும்ப நின்றது, தண்ணீர்மேல் பனி. மைக் வேண்டாம் என்றாள். சின்னம்மா பயந்துபோய் வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். பம்பைக்காரர் வந்தார், ஆனால் பம்பையைத் தோளில் மாட்டியபடி கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஞானஸ்நானம் நடந்த இடத்தை நான் காட்டினேன்.

பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். சேலை முழங்காலில் நனைந்தது, இடுப்பில் நனைந்தது. நின்றாள். பாட்டு இல்லை, கற்பூரம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே கூப்பிடுவாளே, அந்தக் குரலில்:

"அம்மா. நான் வந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஏரி சும்மா இருந்தது. நீர்க்கோழி ஒன்றுகூடக் கத்தவில்லை. அப்போது பம்பைக்காரரின் தோளில் தொங்கிய பம்பையில் தோல் மெல்ல அதிர்கிற சத்தம் கேட்டது. அவர் கை அதன்மேல் இல்லை. பைபாஸில் கனமான வண்டி ஏதாவது போயிருக்கும், அதற்குக்கூடத் தோல் அதிரும் என்று எனக்குத் தெரியும். அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, அழுகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி அமர்த்தினார். என்னைப் பார்க்கவில்லை.

பெண் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு கரையேறினாள். அப்பா வாங்கப் போனார், தரவில்லை.  வழியில் அவள் தோட்டத்து வரப்பில் ஒரு இடத்தில், பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்வது போல, "பார்த்து, முள்ளு கெடக்குது" என்றாள். அவளுக்குப் பின்னால் பத்தடிக்கு யாரும் இல்லை. நாங்கள் தள்ளித்தான் வந்துகொண்டிருந்தோம்.

வாசலில் சின்னம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு குனிந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். நேற்று மாதிரி முகம் முகமாகப் பார்க்கவில்லை. நேராக இவளைத்தான் பார்த்தார். தலையில் இருந்து கால்வரை பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைக்கவும் மறந்து, இன்னொரு கையால் அவள் தோள்பட்டை எலும்பைத் தொட்டுத் தடவினார்.

"என்னாடி இது, இப்புடி எளைச்சிட்ட? சோறு துன்றியா இல்லியா அங்க?"

ஒரு வாரமாக இவளோடு ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர். இளைத்ததும் பெருத்ததும் அவருக்குப் புதுசு இல்லை.

பெண் குடத்தோடு அப்படியே நின்றாள். "துன்றேம்மா" என்றாள். "நல்லாத்தான் துன்றேன்."

"போ. ஜல்தியா பொடவைய மாத்து. கல்யாணத்த வெச்சிக்கினு சளி புடிச்சிக்கப் போவுது."

நான் பம்பைக்காரரைப் பார்த்தேன். யாரும்மா வந்திருக்கறது என்று அவர் கேட்க வேண்டும், அதுதானே முறை. அவர் கேட்கவில்லை. திரும்பி நின்று மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா குனிந்து, விட்ட இடத்தில் இருந்து கோலத்தைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிர்ந்து, "ஏரியில இருந்து இன்னும் வரலியா அவ?" என்று கேட்டார். 

குடம் பூசை அறையில் இருந்தது. பெண் வேறு சேலையில், தலை துவட்டி, வெளியே வந்தாள். நலங்கு வைக்கப் பெண்கள் வந்துவிட்டார்கள், உள்ளே கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் நேராகப் பம்பைக்காரரிடம் வந்தாள்.

"ஐயா, நேத்து கிணத்தாண்ட வந்துச்சே. அதுக்கு என்னா செய்யறது? அதுவும் யாரையோ தேடிக்கினுதானே வந்துச்சு? ஒரு எலை போட்டு வெச்சிட்டு வரட்டா?"

"வேணாம் கண்ணு. சோறு வெச்சா தங்கிடும்." அவர் வாரைச் சரிசெய்துகொண்டார். "அது உன்னைப் பார்த்துச்சு. தம் பொண்ணு இல்லன்னு தெரிஞ்சிக்கிச்சு. தாண்டிப் போயிடுச்சு. நேத்து அதுக்குத்தான் நீ அழுத. நல்லவேள, அது தாண்டிப் போச்சேன்னு இருந்துக்க."

அவள் அதை நினைத்துப் பார்த்தாள். அவளுடைய கை தானாகவே கழுத்துக்குப் போனது. பிறகு உள்ளே போய் மணையில் உட்கார்ந்தாள். மஞ்சள் பூசுகிறவர்கள் ஏதோ கேலி செய்தார்கள், அவள் சிரித்த சத்தம் வாசல் வரைக்கும் வந்தது.

நான் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஏணிக்கடியில் வந்து நின்றார்.

"கிணத்துப் பக்கம் ஒரு ட்யூப்லைட்டு கூடப் போட்டுடுப்பா. கல்யாணம் முடியற வரைக்கும் எரியட்டும்."

வயர் எட்டவில்லை. இன்னொரு துண்டை ஒட்டுப் போட்டு, தோட்டத்து வேலியோடு இழுத்துக்கொண்டு போனேன். பட்டப்பகல்தான். கிணற்றை நெருங்கியபோது, ஒரு பேச்சுத் துணைக்கு யாரையாவது கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். வீட்டில் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள், எல்லாருடைய பெயரும் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நின்று ஒரு பெயரையும் உரக்கச் சொல்ல மனம் வரவில்லை. லைட்டைக் கட்டிவிட்டு வந்தேன்.